ஜோடி இல்லாத கத்தி

ஒரு பண்ணைக்கு ஒரு கத்தி என்பது எங்கள் தீவில், ட்ராசா வட்டாரத்துக் கரும்புக்காடுகளில் எழுதப்படாத சட்டம். அடுத்தடுத்த பண்ணைக்காரர்கள் ஒன்றுகூடி அமைத்துக்கொண்ட வெட்டுக் கூட்டத்துக்குக் கேங் என்று பெயர். சர்க்கரை மில் திறக்கும் நாள் முதல் மூடும் நாள் வரை அந்தக் கேங் முறைவைத்து ஒவ்வொரு பண்ணையாகக் கரும்பை வெட்டிக்கொண்டு போகும். எந்தப் பண்ணையிலிருந்து கத்தி பிடிக்க ஆள் வரவில்லையோ, அந்தப் பண்ணையின் கரும்பை எவரும் தொடமாட்டார்கள். அது பூத்து, காய்ந்து, மழையில் சாய்ந்து, நின்ற இடத்திலேயே புளித்துப்போகும். நிலம் கம்பெனியுடையது, நாங்கள் குத்தகைக்காரர்கள். கரும்பைப் புளிக்கவிட்டவனுடைய நிலம் அடுத்த ஆண்டு வேறொருவன் பெயரில் இருக்கும்.

எங்கள் வீட்டுக் கத்தி என் தந்தையார். வெட்டுக் காலம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, சரிவில், மில்லுக்குக் கரும்பு கொண்டுபோகும் டிரக்கு என்ற வண்டிகளுக்கான தண்டவாளத்தைப் பெயர்த்து மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தபோது, மேட்டில் கட்டை கொடுத்து நிறுத்தியிருந்த டிரக் உருண்டு வந்து அவருடைய இடுப்பை நசுக்கியது. லட்டோகா ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கால்களைக் காப்பாற்ற அவர்களால் இயலவில்லை. கட்டிலில் கொண்டுவந்து கிடத்தினோம். அதன்பிறகு அவர் உடம்பில் முன்போலவே வேலை செய்த உறுப்பு வாய் ஒன்றுதான்.

கூலிக்கு ஓர் ஆளை அமர்த்தக்கூடாதா என்று வெளியூரார் கேட்கலாம். வெட்டுக் காலத்தில் கைகால் உள்ள ஒவ்வொருவனும் ஏதோ ஒரு கேங்கில் பெயர் கொடுத்திருப்பான். எங்களுக்கென்று மிச்சமிருந்தவர்கள் இருவர். ஒருவர் என் தாயார். மற்றவன் நான்.

நான் அப்போது சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பு மாணவன். கிர்மிட் என்று எங்கள் மக்கள் சொல்லும் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்து, தென்னிந்தியர்கள் கூடிச் சங்கம் அமைத்து, தமிழ் கற்பிக்கப் பள்ளிக்கூடம் கட்டிய காலம் அது. என் ஆசிரியருக்கு மேடைப்பேச்சில் தீராத பற்று. மாணவனை ஓடையின் இக்கரையில் நிறுத்தி, தாம் அக்கரையில் நின்றுகொண்டு, தண்ணீரின் இரைச்சலைத் தாண்டி ஒவ்வோர் எழுத்தும் தம் காதில் வந்து விழ வேண்டும் என்பார். பலர் கத்தினார்கள். கத்தாமல் பேசிக் கரை சேர்ந்தவன் நான் ஒருவனே. இதை அடக்கமின்றிச் சொல்கிறேன். அடக்கம் மேடைக்கு உதவாத குணம்.

மில் திறப்பதற்கு முன் கேங்காரர்கள் சர்தார் வீட்டு முற்றத்தில் கூடுவது வழக்கம். சர்தார் என்பவர் கேங்கின் தலைவர். யார் பண்ணை முதலில், யார் பண்ணை கடைசியில், யாருக்கு யார் துணை என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரும். முற்றத்தின் நடுவே எனாமல் பேசினில் நகோனா என்னும் போதைவேரின் கரைசல் கலங்கலாக இருந்தது. சுற்றிலும் சப்பணமிட்டு உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையில் முகந்து முகந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த முற்றத்துக்குப் பெண்கள் வருவதில்லை. என் அம்மா வந்தாள். இடுப்பில் பால்குடி மறவாத என் தங்கை, பக்கத்தில் நான்.

“என்ன தங்கச்சி, மச்சான் எப்படி இருக்காரு?” என்றார் சர்தார்.

“படுத்திருக்காரு. கத்திய நான் எடுத்துக்கிறேன், அண்ணே. மில்லு தெறந்ததும் வெட்டுக்கு வரேன்.”

மெலிந்து நெடுத்த ஒருவன் சிரட்டையை நீட்டினான். “எனக்கு இன்னொண்ணு ஊத்துப்பா. காதுல என்னமோ தப்பா விழுது.”

அவன் பக்கத்தில் இருந்தவன் கேட்டான்: “பொடவைய மடிச்சுக் கட்டிக்கிட்டு வருமா, இல்ல மச்சானோட கால்சட்டைய மாட்டிக்கிட்டு வருமா?”

“எத மாட்டினா ஒனக்கென்ன?” என்றாள் அம்மா. “நீ கரும்பப் பாக்க வரியா, என்னப் பாக்க வரியா?”

அவர்கள் சிரித்தார்கள். சர்தார் சிரிக்கவில்லை. “கிர்மிட்டு போயி எத்தினி வருசம் ஆச்சு. நம்ம பொம்பளைங்க கரும்புக்காட்டுல நிக்கிற கேவலம் ஒழியணும்னுதான் அன்னிக்கு எல்லாரும் அடிச்சுக்கிட்டோம். இப்ப நீயா வந்து நிக்கிறேங்கிற. பாக்கிறவன் எங்கள என்ன சொல்லுவான்?”

“அன்னிக்கு நின்னேனே. அப்போ என்கூட நின்னவங்க இங்கியே ரெண்டு பேரு ஒக்காந்திருக்காங்க. நான் எப்படி வெட்டுவேன்னு அவங்களக் கேளுங்க.”

அந்த இரண்டு பேரும் சிரட்டைக்குள் பார்த்தார்கள்.

“அது கட்டாய வேலை, தங்கச்சி. இது நம்ம வேலை. பையன்தான் தோளுக்கு மேல வளந்து நிக்கிறானே, அவன அனுப்பு.”

“அவன் படிக்கிறான்.”

“எங்க பசங்க படிக்கலையா? கையெழுத்துப் போடத் தெரிஞ்சதும் நிறுத்திக்கலையா?”

“அவன அனுப்பமாட்டேன்.”

பேச நான் வாயெடுத்தேன். அம்மா என் காலை மிதித்தாள். குதிகாலால், முழு எடையும் வைத்து மிதித்தாள்.

சர்தார் நகோனா குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். “சரி, வா. ஆனா ஒரு நாள் தப்பக் கூடாது. காச்சல்னாலும் சரி, கொழந்தைக்கு முடியலைன்னாலும் சரி, மில்லு மூடற வரைக்கும் ஒரு நாள் தப்பினா, மறுநாள் காலைல இந்தப் பையன் கத்தியோட வந்து நிக்கணும். படிப்பு அன்னியோட சரி. ஒத்துக்கிறியா?”

“ஒத்துக்கிறேன்.”

“இன்னொண்ணு. ஜோடி தரமாட்டேன்.”

இதன் கொடுமை கரும்பு ஏற்றியவர்களுக்குத்தான் விளங்கும். வெட்டுவது ஒருவர் வேலை. ஏற்றுவது இருவர் வேலை. ஒருவர் கீழே நின்று கரும்புக் கட்டைத் தூக்கித் தர, மற்றவர் டிரக்கின் மேல் நின்று வாங்கி அடுக்க வேண்டும். அந்த இருவரைத்தான் ஜோடி என்பார்கள். காலம் முழுவதும் ஜோடி மாறுவதில்லை. தனியே ஏற்ற வேண்டியவர் கட்டைத் தோளில் தூக்கி டிரக்கின் விளிம்பில் சார்த்திவிட்டு, சக்கரத்தில் கால்வைத்து மேலே ஏறி, கட்டை இழுத்து அடுக்கி, மீண்டும் குதித்து இறங்கி, அடுத்த கட்டைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் இப்படி. பிறனுடைய மனைவிக்கு ஜோடியாக நிற்பது ஆணுக்கு அழகில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அழகு கருதி ஒரு பெண்ணின் முதுகை முறித்தார்கள்.

அம்மா வெட்டினாள். பள்ளி இல்லாத சனிக்கிழமைகளில் நான் தண்ணீர் கொண்டுபோவேன். அப்போது கண்டவற்றையே எழுதுகிறேன். தரையோடு தரையாக அடிக்கரும்பை வெட்டி, கையைத் திருப்பாமலே நுனியைச் சீவி, சோகையை உதறிக் கிடத்துவாள். வெட்டில் அவளை எவரும் முந்தவில்லை. அதை எவரும் சொல்லவுமில்லை. ஏற்றும் வேளை வந்ததும் மற்றவர்கள் இரண்டிரண்டு பேராக முடித்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து, அவள் டிரக்கில் ஏறுவதையும் குதிப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏறும்போது புடவை விலகினால் ஒருவன் இருமுவான். குதித்து இறங்கித் தடுமாறினால் வேறொருவன் தாளம் போடுவான்.

கேங்கில் வயதான ஒரு முஸ்லிம் இருந்தார். அவருடைய ஜோடி வராத ஒரு நாளில், அவள் தூக்கிச் சார்த்திய கட்டை மேலே நின்று அவர் வாங்கி வைத்தார். வைத்தது ஒரே ஒரு கட்டு. நெடுத்தவன் உடனே கல்யாணப் பாட்டைப் போலத் குரலைக் குழைத்து ஏதோ இழுத்தான். மற்றவர்கள் சோகையை வாரி அரிசி தூவுவதுபோல் இருவர் மேலும் தூவினார்கள். பெரியவர் டிரக்கிலிருந்து இறங்கி, அம்மாவைப் பாராமல் நடந்தார். மறுநாளிலிருந்து அவள் இருக்கும் வரிசைக்கு இரண்டு வரிசை தள்ளியே நின்றார்.

முதல் சில நாட்கள் அம்மா தங்கையையும் வயலுக்குத் தூக்கிச் சென்றாள். வரப்போரக் கொய்யா மரத்தில் சர்க்கரைச் சாக்கைத் தூளியாகக் கட்டி அதில் படுக்கவைத்தாள். குழந்தை அழுதபோது கத்தியைக் கீழே வைக்கப்போனவளிடம், “வேலைய நிறுத்தினா நாள் தப்பினதாத்தான் அர்த்தம், தங்கச்சி,” என்று சர்தார் மென்மையாகச் சொன்னார். அவர் எப்போதும் மென்மையாகவே பேசுவார். குழந்தை அழுது அடங்கும்வரை அம்மா வெட்டிக்கொண்டே இருந்தாள். பால் கட்டி ரவிக்கை நனைந்தது. அந்த ஈரத்தில் கரும்புத் தூளும் ஈயும் ஒட்டின. சாக்கில் ஒட்டிக்கிடந்த சர்க்கரைக்கு எறும்பு ஏறிக் குழந்தையின் காதைக் கடித்துவைத்த பிறகு, அதை வீட்டில் அப்பாவின் கட்டிலருகே விட்டுப்போனாள்.

அப்பா அந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு பேசியவை என் செவியில் விழுந்தன. “அழுது என்னா பண்றது? ஒங்கம்மா இப்ப ஆம்பளை. ஆம்பளைகிட்டப் பால் இருக்குமா? அழு, இன்னும் சத்தமா அழு. காட்டுல கேக்கட்டும்.”

மாலையில் அவள் படியேறினால், “வாங்க ஐயா, வெட்டு முடிஞ்சுதுங்களா?” என்பார்.

“முடிஞ்சுது. திரும்பிப் படுங்க, முதுகத் தொடைக்கணும்.”

“ஊர்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா ஒனக்கு?”

“யாரு வந்து சொன்னது?”

“எவனும் வரல. முன்னெல்லாம் தெனம் ஒருத்தன் வந்து எட்டிப் பாப்பான். இப்ப எவனும் வரல. அதுலியே தெரியுது என்ன பேசிக்கிறாங்கன்னு.”

அவள் துணியைப் பிழிந்து அவர் முதுகைத் துடைப்பாள். படுக்கைப் புண்ணில் மருந்து போடுவாள். அதற்குப் பிறகுதான் குழந்தைக்குப் பால். அதற்கும் பிறகுதான் அடுப்பு.

வெட்டுக் காலத்தின் நடுவில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பள்ளிக்கூடக் கொட்டகையில் தோரணம் கட்டி மேடை போட்டார்கள். நாட்டை உயர்த்துவது ஏரா, தொட்டிலா என்பது மாணவர் வாதத்தின் தலைப்பு. தொட்டில் என் பங்குக்கு வந்தது. எதிரணியில் பேசியவன் வயதில் என்னைவிட மூத்தவன், குரலிலும் கனமானவன். ஏர் ஓடாவிட்டால் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு உணவேது என்று அவன் கேட்டபோது அவை கைதட்டியது. நான் எழுந்தேன். உடனே பேசவில்லை. அவை தானாக அடங்கும்வரை நின்றேன்; அப்படி நிற்கத் தெரிந்தவனுக்கே பேச உரிமை உண்டு. பிறகு சொன்னேன்: “ஏரைப் பிடித்த கை எதுவாயினும், அந்தக் கையின் முதல் பிடி தாயின் சுட்டுவிரல். ஏர் நிலத்தைத்தான் உழும். தொட்டிலை ஆட்டும் கையோ மனிதனையே விளைவிக்கும்.” அங்கிருந்து தொடங்கி, கடல் கடந்து வந்த தாய்மாரையும், கூலி லயத்துக் கூரையில் கட்டிய தொட்டில்களையும் படிப்படியாக எழுப்பினேன். முடித்தபோது முன்வரிசையில் மேல்துண்டால் கண்ணைத் துடைக்காதவர் குறைவு. எங்கள் சர்தார் விம்மினார். நெடுத்தவன் தலையைக் குனிந்து மூக்கைச் சிந்தினான். வெற்றி எனதென்று அறிவித்தார்கள். மாலையை எனக்குப் போட்டவர் சர்தார்தான். அந்த அழுகை பொய்யில்லை. அதனால்தான் அதை நான் மன்னிப்பதில்லை.

அம்மா கொட்டகையின் கடைசியில், கம்பத்தருகே நின்றிருந்தாள். பெண்கள் பக்கத்துப் பாயில் இடமிருந்தது. ஆனால் அவள் போய் நின்றதும் பாயில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்வதுபோல் பரந்து உட்கார்ந்து, இருந்த இடத்தையும் இல்லாமல் செய்துவிட்டார்கள். திரும்பி நடக்கும்போது அவளைக் கேட்டேன், பேச்சு எப்படி என்று.

“நல்லாத்தான் இருந்துச்சு. பாதி புரியல.”

“எல்லாரும் அழுதாங்களே.”

“ஆமா. எதுக்கு அழுதானுங்க?”

“உன்னைப் பத்திதானே பேசினேன்.”

“என்னப் பத்தியா?” அவள் நின்று என்னைப் பார்த்தாள். “எனக்குத் தெரியலையே. தொட்டில ஆட்டிக்கிட்டே இருந்தா கஞ்சிக்கு எங்க போறது? அதச் சொன்னியா?”

“அது எதிரணியில சொன்னான்.”

“அவன் ஜெயிக்கலையா?”

“நான்தான் ஜெயிச்சேன்.”

“ம்,” என்றாள். குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

திங்கட்கிழமை காலையில் கேங் வழக்கம்போல் வெட்டியது. வழக்கம்போல் ஏற்றியது. அவளுக்கு ஜோடி தர எவரும் முன்வரவில்லை. அழுத கண்கள் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன.

வாரங்கள் போயின. அவளுக்குத் தோள்பட்டையில் தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரிந்தது. கரும்புச் சோகை கண்ணோரத்தைக் கிழித்து ஒரு கண் சில நாள் மூடிக்கிடந்தது. துணியைக் கட்டிக்கொண்டு மறு கண்ணால் வெட்டினாள். காய்ச்சலில் பற்கள் அடித்துக்கொள்ள வெட்டினாள். ஒரு நாளும் தப்பவில்லை. முறைப்படி இனி மூன்று பண்ணைகள்தான் மீதம், கடைசியில் எங்களுடையது. மில் மூடும் பேச்சு எழத் தொடங்கியிருந்தது. நான் பள்ளியில் அடுத்த வகுப்புக்கான பாடங்களைப் படிக்க ஆரம்பித்தேன். தோற்கவேண்டியது என்று எல்லோரும் எண்ணிய கட்சி வென்றுகொண்டிருந்தது.

அப்போது ஒரு விடியலில் மழை கொட்டியது. சர்தார் வீட்டு வேப்பமரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். வெட்டு உண்டு என்றால் அதை விடியலில் அடிப்பார்கள். அதன் ஓசை எங்கள் பண்ணைவரை வரும். அன்று அடிக்கவில்லை. மழைநாளில் அடிக்காவிட்டால் வேலை இல்லை என்பது எல்லோரும் அறிந்த முறை. நான் பள்ளிக்குப் போனேன். முற்பகலில் மழை விட்டதும், சேர்ந்துகிடந்த அழுக்குத் துணிகளையும் குழந்தையையும் எடுத்துக்கொண்டு அம்மா ஓடைக்குப் போனாள். நடுப்பகலுக்குப் பிறகு வந்து, சமைத்து, அப்பாவுக்கு ஊட்டினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவர் கேலியும் செய்யவில்லை என்பதை நான் மாலையில் கவனித்தேன்.

விளக்கேற்றும் வேளையில் சர்தார் வீட்டிலிருந்து ஆள் வந்து, வாசலில் நின்றபடியே, “ஒரு நாள் தப்பிப்போச்சாம். நாளைக்குக் காலைல பையன அனுப்பச் சொன்னாரு,” என்று சொல்லிவிட்டுப் போனான். மழை விட்டதும் கேங் போய் வெட்டியிருக்கிறது.

அம்மா கத்தியைத் தீட்டினாள். “அடிக்காத நாள எப்படித் தப்பின நாளுன்னுவாங்க? நான் பேசிக்கிறேன்,” என்றாள்.

“நீ பேசவேண்டாம்,” என்றேன். “நான் பேசுகிறேன்.”

இம்முறை அவள் என் காலை மிதிக்கவில்லை.

காலையில் இருவரும் வயலுக்குப் போனோம். கேங்காரர்கள் கத்தியைத் தோளில் சார்த்தி நின்றார்கள். நான் டிரக் லைனின் மேட்டில் ஏறி நின்றேன். பேசினேன். அதுவரை நான் பேசியவற்றில் அதுவே சிறந்தது. இன்றும் அப்படியே எண்ணுகிறேன்.

“பெரியோர்களே, நாள் தப்பினால் தண்டனை என்றீர்கள். நாள் உண்டென்று அறிவிப்பது யார் கடமை? மணியடிக்காமல் பள்ளியைத் திறந்துவிட்டு, வராத பிள்ளையின் முதுகில் பிரம்பை வைப்பது எந்த ஊர் நீதி? சட்டத்தை வகுத்தவர்கள் நீங்கள். அதை ஒரு பெண் ஒரு நாள் பிசகாமல் காத்தாள். காத்தவள் இங்கே நிற்கிறாள். மீறியவர் யாரென்று உங்களையே நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.”

முஸ்லிம் பெரியவர் தலையை ஆட்டினார். கிர்மிட்டில் அம்மாவோடு வெட்டிய இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவை என் பக்கம் சாய்வதை உணரும் பழக்கம் எனக்குண்டு; அது சாய்ந்தது.

“முடிஞ்சுதா, தம்பி?” என்றார் சர்தார்.

“முடிந்தது.”

“நல்லாப் பேசின. தண்டவாளம் அடிக்கல, நெஜந்தான். மழை விட்டப்பறம் அடிச்சா எவன் நம்பி வருவான்? அதுக்குத்தான் வீடு வீடா ஆள் விட்டேன்.” நெடுத்தவன் பக்கம் திரும்பினார். “இவங்க வீட்டுக்குப் போனியா, இல்லியா?”

“போனேனே,” என்றான் அவன். “அக்கா இல்ல. ஜன்னல்ல நின்னு மச்சான்கிட்டச் சொன்னேன். சரி சொல்றேன்னாரு. தண்ணி எடுத்துக் குடுக்கச் சொன்னாரு, குடுத்தேன். அப்பறம் என்னமோ கூப்புட்டுச் சொன்னாரு.”

“என்னா சொன்னாரு? எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லு.”

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு வேண்டுமென்றே என்னைப் பார்த்துச் சொன்னான். “‘அவ வரமாட்டா. நாளையிலேருந்து பையன் வருவான்னு சர்தார்கிட்டச் சொல்லு’ன்னாரு.”

யாரோ ஒருவன் சிரித்தான். அது பரவியது. கேலியாகக்கூட அல்ல, ஒரு நல்ல நாடகம் எதிர்பாராத இடத்தில் முடிந்த மகிழ்ச்சியோடு சிரித்தார்கள். என் வாதத்தில் ஒரு சொல்லும் பிழையில்லை. அது நின்ற தரையை மட்டும் என் தந்தையார் கட்டிலில் கிடந்தபடியே உருவியிருந்தார்.

அம்மா கத்தியின் பிடியை என் பக்கமாகத் திருப்பி நீட்டினாள். நான் வாங்கினேன்.

“நீ வீட்டுக்குப் போலாம் தங்கச்சி,” என்றார் சர்தார். “ஒன் கஷ்டம் தீந்துச்சு.”

“அவனுக்கு ஜோடி யாரு?”

“இதோ, இவன் இருக்கான்.” நெடுத்தவனைக் காட்டினார். “ஆம்பளைக்கு ஆம்பளை ஜோடி குடுக்கிறதுல என்ன கஷ்டம்?”

நெடுத்தவன் என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, “பூ மாதிரி இருக்கு. எழுதுற கை,” என்றான். விடவில்லை. அழுத்தினான்.

அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்து அகற்றினாள். “வேணாம். எம் பையனுக்கு நான் ஜோடி. பெத்தவ நிக்கிறதுல எவனுக்கும் அசிங்கம் இல்லியே?”

“ஒரு பண்ணைக்கு ரெண்டு கத்தி ஆயிடுமே.”

“ஆவட்டும்.”

“கூடுதல் கத்திக்குன்னு ஒண்ணும் கெடைக்காது.”

“நான் கேட்டனா?”

ஆக, படிக்கட்டும் என்று அவள் தன் உடம்பைக் கொடுத்து வைத்திருந்த என்னையும் எடுத்துக்கொண்டார்கள், அவளையும் விடவில்லை. அன்று வெயில் உச்சிக்கு வருமுன் என் கையில் கொப்புளம் கிளம்பி உடைந்தது. அவளுக்கு என்மேல் இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. “கைய எறக்கு. முட்டிய மடக்கு. தரையோட வெட்டு, அடிய விட்டா அடுத்த வருசம் மறுகரும்பு வராது,” என்று பின்னாலிருந்து விரட்டிக்கொண்டே வந்தாள். ஏற்றும்போது கனமான கட்டுகளைக் கீழே நின்று அவள் தூக்கித் தந்தாள். மேலே நின்று நான் வாங்கினேன். அந்தக் காலம் முழுவதிலும் அவள் ஒரு டிரக்கைக் குதிக்காமல் ஏற்றி முடித்தது அன்றுதான். கேங்காரர்கள் நிழலிலிருந்து பார்த்தார்கள். இருமவோ தாளம் போடவோ அவர்களுக்கு இனிக் காரணமில்லை.

எங்கள் பண்ணை முறைப்படி வெட்டப்பட்டது. நிலம் அப்பாவின் பெயரிலேயே இருக்கிறது. நான் பள்ளிக்குத் திரும்பவில்லை. கேங்கில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க மேடையில் பேச அழைக்கிறார்கள், போகிறேன், வெல்கிறேன். அது வேறு செய்தி.

அந்த முதல் நாள் மாலையில் நாங்கள் வீடு சேர்ந்தபோது அப்பா விழித்திருந்தார். அம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

“நேத்து பகல்ல ஆள் வந்து சொன்னானா?”

“சொன்னான்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நான் செத்தா பூட்டேன்?” என்றார் அவர். “எம் பேர்ல இருக்கிற நெலம். நான் வெட்டல, சரி. எம் பையன் வெட்டட்டும். நீ வெட்டி நான் திங்கிறேன்னு ஊரு சொல்ல வேணாம். நாளையிலேருந்து நீ வீட்ல இரு. அதுக்குத்தான் பண்ணேன்.”

“இன்னிக்கு ரெண்டு பேருமே வெட்டினோம்.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. அவள் சேற்றுக் காலையும், என் கையில் சுற்றியிருந்த துணியையும், அவள் தோளில் புதிதாக உரிந்திருந்த இடத்தையும் மாறிமாறிப் பார்த்தார். விளங்கியதும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்ப முயன்றார். அவருடைய இடுப்பு அதற்கு இடம் தரவில்லை. அவள் உதவவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று, அவர் முகம் தன்னை நோக்கியபடியே கிடப்பதைப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போனாள்.

அங்கே ஒரு சட்டியில் வெந்நீரை ஊற்றி, கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினாள். என் எதிரே உட்கார்ந்து, கையில் ஒட்டியிருந்த துணியை ஒரே இழுப்பாக இழுத்தாள். இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்து உப்பு நீரில் அழுத்தினாள். நான் கையை இழுத்தேன். அவள் பிடி தளரவில்லை. ஆண்களை முந்தி வெட்டிய கையின் பிடி எப்படிப்பட்டது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

“போதும்,” என்றேன்.

“இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”

“எவ்வளவு நேரம்?”

“இன்னிக்கு இவ்வளவுதான். தோலு கெட்டியாகிற வரைக்கும் தெனம் வைக்கணும்,” என்றாள். குழந்தை உள்ளே அழத் தொடங்கியது. அவள் என் கைகளை விடவில்லை.